டேப்லெட்டும் தண்ணி இறைக்கிற பேணியும்

"அப்பா, வடிவா இருக்கு. ஆனா வாசிச்சது ஆர்?"

கனடாவிலிருந்து வந்த இந்தக் குரல்செய்தியைச் சிவராசா என் ஒலிப்பதிவு அறையில் இருந்துதான் கேட்டார். கேட்டுவிட்டுத் தொலைபேசியைக் கதிரையில் கவிழ்த்து வைத்தார். மறுநாள் மகள் வதனிக்கு அங்கே கலியாணம். இவருக்கு விசா கிடைக்கவில்லை. தான் மணவறைக்கு நடந்து வரும்போது மண்டபத்தில் அப்பாவின் மவுத் ஓர்கன் ஒலிக்க வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். அவர் போகமுடியாத இடத்துக்கு அந்தச் சத்தமாவது போகவேண்டும். அந்தச் சத்தத்தைத்தான் இப்போது யாரென்று கேட்கிறாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொழும்பில் வானொலி நிலையமொன்றின் ஒலிப்பதிவுக்கூடத்திலேயே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்று வேலணைக்கு வந்தபிறகும் சும்மா இருக்க ஏலாமல், சுவரெல்லாம் மெத்தை சாத்திய ஓர் அறை, ஒரு மைக், ஒரு டேப்லெட் என்று வைத்துக்கொண்டு பதிவு செய்கிறேன். என் பதிவைக் கேட்டு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

1. சுத்தமான பதிவு

சிவராசா அனலைதீவுப் படகில் எஞ்சின் பார்க்கிறவர். அன்று காலை மடிப்புக் குலையாத சேர்ட்டோடு, தலைக்கு எண்ணெய் வைத்து, ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல வந்து நின்றார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். சத்தம் வராமல் யன்னலைப் பூட்டி, காற்றாடியையும் நிற்பாட்டினால் அறை அவியும். மனிசன் வியர்த்து ஒழுக ஒழுக இருந்து வாசித்தார். வாசிப்பில் ஒரு பிசகும் இல்லை.

"அக்கா, கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கரில விடுற மாதிரிக் கொஞ்சம் எக்கோ விடுங்கோ," என்றார்.

"அந்த மண்டபமே எக்கோ போடும். அதுக்கு மேல நானும் போட்டால் கஞ்சியாய்ப் போகும். நீர் பேசாமல் இரும்."

டேப்லெட்டில் எஃபெக்டுகள் வரிசையாகக் கிடக்கும். விரலால் தொட்டால் போதும். காற்றின் உறுமலை வெட்ட லோ கட் போட்டேன். மவுத் ஓர்கனின் கீச்சு காதைக் குத்தும், கீச்சு, கனம் என்று தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்யூவில் அதை இறக்கினேன். ஒரு இடம் உரத்தும் ஒரு இடம் மெலிந்தும் வந்ததைக் கம்பிரெசரால் மட்டப்படுத்தினேன். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கக்கூடாதென்று கேட் போட்டேன். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்துகிற எஃபெக்ட் அது. கேட்டுப் பார்த்தால் பளிங்குபோல இருந்தது. எனக்கு நல்ல திருப்தி. அனுப்பினோம். அதற்கு வந்த பதில்தான் நான் முதலில் சொன்னது.

2. குசினியில் கிடைத்த எஃபெக்ட்

கோபம் கொஞ்சம் ஆறியபிறகு கேட்டேன். "நீர் வழமையா எங்கை இருந்து வாசிக்கிறனீர்?"

"படகிலதான் அக்கா. வேறை எங்கை நேரம்?"

"எப்பிடி வாசிக்கிறனீர்? இப்பிடியே?"

அவர் நெளிந்தார். "சிரிக்கக்கூடாது."

"சிரிக்க மாட்டன். சொல்லும்."

"படகுக்குள்ள தண்ணி இறைக்கிற பேணி ஒண்டு கிடக்கு. பழைய பால்மா வந்த தகரப் பேணி. அதின்ரை வாயில ஓர்கனைப் பிடிச்சுத்தான் வாசிக்கிறனான். இல்லாட்டி எஞ்சின் சத்தத்துக்கை ஒண்டும் எடுபடாது. வதனி பள்ளிக்கூடத்துக்கு ஊர்காவற்துறைக்கு வரேக்கை பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு வருவாள்."

"பிறகேன் அதைக் கொண்டரேல்லை?"

"ஸ்டூடியோவுக்கு ஊத்தைப் பேணியோடை வாறதே அக்கா?"

சிரிக்க மாட்டேன் என்று சொன்னவள் வயிறு நோகச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். அனலைதீவுக்குப் போய் அந்தப் பேணியை எடுத்துக்கொண்டு திரும்பி வர அன்று படகும் இல்லை, நேரமும் இல்லை. குசினிக்குப் போனேன். சில்வர் டம்ளரில் வாசித்துப் பார்த்தார், பல் கூசியது. பிளாஸ்டிக் ஜக்கில் சத்தம் செத்துப்போனது. கடைசியில் என் பால்மாவை ஒரு சட்டியில் கொட்டிவிட்டு, பேணியைத் துடைத்துக் கொடுத்தேன்.

பேணியின் வாயில் ஓர்கனை வைத்து, இரண்டு கையாலும் சுற்றிப் பொத்திப் பிடித்தார். வாசிக்கத் தொடங்கியதும் நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். விரல்களை விரித்தால் சத்தம் கடலுக்கு மேலால் போகிறது. பொத்தினால் காதுக்குக் கிட்ட வந்து கதைக்கிறது. நீட்டிப் பிடித்த சுரத்தில் உள்ளங்கையை மெல்ல ஆட்டினார், சுரம் நடுங்கியது. எதிரொலிக்கிற எக்கோ, ரிவேர்ப், சுரத்தை நடுக்குகிற ட்ரெமலோ எல்லாம் அந்த மனிசனின் பத்து விரலுக்குள் இருந்தன. எத்தனையோ பெரிய கலைஞர்களைப் பதிவு செய்திருக்கிறேன். தன் சத்தத்தைத் தானே இப்படிச் செய்துகொள்கிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

3. எடுத்துவிட்ட எஃபெக்டுகள்

பிறகுதான் என் வேலை. பேணி ஒரு சுரத்தில் மட்டும் அளவுக்கு மிஞ்சி அதிர்ந்தது. ஈக்யூவில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் இறக்கினேன். மைக்கை முன்னுக்கு வைத்தால் மூச்சு வந்து அடிக்கிறது, பக்கவாட்டில் நகர்த்தினேன். அவர் கையால் ஏற்றி இறக்குகிறதைக் கம்பிரெசர் இடித்து மட்டமாக்கிவிடும், அதை நிற்பாட்டினேன். கேட் எஃபெக்டையும் எடுத்தேன். சுரத்துக்குச் சுரம் அவர் மூச்சை இழுக்கிறதும், பேணியில் நகம் படுகிறதும் கேட்டன. இருக்கட்டும் என்று விட்டேன். முதல் போட்டதில் லோ கட் மட்டும் மிஞ்சியது, சோளகம் என் சொல்லுக்கு நிற்காதே.

"இப்ப வாசியும்," என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே தரத்தில் வாசித்து முடித்தார். திரும்ப எடுக்க வேண்டி வரவில்லை.

அனுப்பிவிட்டு இருவரும் தேத்தண்ணி குடித்தோம். அவர் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான், ஏன் மறைப்பான். பதில் வந்தது. வதனியின் குரல்.

"இது காணும் அப்பா. இனி வேறை ஒண்டும் வேண்டாம்."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எஃபெக்ட் பட்டியலைத் திறக்க முதல், வாசிக்கிறவர் வழமையாக எங்கே இருந்து வாசிக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்கப்போகிறவர் ஆரென்றும் கேளுங்கள். அதற்குப் பிறகு டேப்லெட்டில் கை வைத்தால் பாதி எஃபெக்ட் தேவைப்படாது. அவ்வளவு அனுபவம் இருந்தும் இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு கலியாண வீடு.

மறுநாள் பின்னேரம் கலியாணத்தை நேரலையில் பார்க்கச் சிவராசா என் வீட்டுக்கே வந்தார். அனலைதீவில் அன்று சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்ததாம். மண்டபம் நிறையச் சனம். வாசலில் வதனி கூறைச்சேலையோடு நின்றாள், பக்கத்தில் அவளுடைய மாமி. பதிவு ஒலிக்கத் தொடங்கியது. வதனி நடக்கவில்லை. சட்டென்று பின்னுக்குத் திரும்பி, தான் வந்த கதவைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. மாமி தோளைத் தொட்ட பிறகுதான் முன்னுக்குத் திரும்பி நடந்தாள்.

சிவராசா டேப்லெட்டுக்குக் கிட்டக் குனிந்தார்.

"என்னையெல்லே தேடுறாள் அக்கா," என்றார்.