கும்பகோணத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட வருஷம்

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலக் காலை, மாட்டுங்கா ஸ்டேஷனில் நகரத் தொடங்கிவிட்ட ரயிலில் ஏறப்போய் விழுந்தேன். அப்போது கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. நடக்கவும் முடிந்தது. சிறுநீர் மட்டும் என் வசத்தில் இல்லை. முட்டுவது தெரியாது, தானாக இறங்கவும் செய்யாது. ரப்பர் குழாயும் கட்டிலடியில் ஒரு பாட்டிலுமாக வீட்டுக்கு வந்தேன்.

வீடு என்றால் அண்ணாவின் வீடு. அப்பா அம்மா இல்லை. அண்ணா, மன்னி, நான், மூன்றே பேர். எனக்குப் பின்னறை. விபத்துக்கு முன்பே பேசிவைத்திருந்த ஒரு வரன் வீட்டார் என்னைப் பார்க்க வந்தபோது மன்னிக்கு வேறு வழி தோன்றவில்லை.

"அவ கும்பகோணத்துலே சித்தியாத்துலே இருக்கா. ஜலம் மாறினா உடம்பு தேறும்னு அனுப்பி வெச்சிருக்கோம்."

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். மன்னி கெட்டவள் இல்லை. முகம் சுளிக்காமல் என் துணிகளை அலசிப்போட்டவள். ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. யாராவது வந்தால் நான் இருமக்கூடாது. ஆபீஸில் பக்கத்து மெஷினில் டைப் அடித்தவள் ஒருநாள் வந்தாள். அவள் குரல் கேட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு அனுப்பச் சொல்லி ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மராட்டி டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, அண்ணாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு முதுகின் அடியில் அறுந்திருக்க வேண்டும், திறந்து பார்த்தால்தான் தெரியும், கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையில் வைத்துத் தைத்துப் பார்க்கலாம் என்றார். செய்து பார்த்தவர்கள் குறைவு, உத்தரவாதம் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

அண்ணா என் பக்கம் திரும்பினான். "இருக்கறதும் போயிடப்போறதுடி."

"போறதுக்கு என்ன இருக்கு அண்ணா?"

தமிழ் தெரியாத டாக்டர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்.

"செய்யுங்கள்" என்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வெகுநாள் குப்புறப் படுத்திருந்தேன். நரம்பை எடுத்த காலில் பாதத்தின் ஓரம் மரத்துப்போயிற்று. குழாயை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அடிவயிற்றைக் கையால் அழுத்தி இறக்க நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். நரம்பு மெதுவாகத்தான் வளரும், வளராமலும் போகலாம் என்றார் டாக்டர். பின்னறைக்குத் திரும்பினேன். கட்டிலருகில் ஒரு பேசின் வைத்தார்கள். மாதங்கள் போயின. "ஏதாவது தெரியறதா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணா, ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டான்.

அடுத்த நவராத்திரி வந்தது. ஹால் நிறையப் பெண்கள். யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தொப்புளுக்குக் கீழே ஏதோ கனத்தது. வயிற்றுவலி என்று நினைத்தேன். கனம் கூடியது. அது என்னவென்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பேசின் காலடியிலேயே இருந்தது. அதில் போக மனம் வரவில்லை. பாத்ரூம் ஹாலுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

பாட்டு நின்றது. மன்னி குங்குமச் சிமிழோடு அப்படியே நின்றாள். கீழ்வீட்டு மாமி, "அடி, எப்போடி வந்தே ஊர்லேருந்து?" என்றாள்.

"இங்கேதான் மாமி இருந்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கையால் அழுத்தாமல் காத்திருந்தேன். சற்று நேரம் கழித்துத் தானாக இறங்கியது. பாதிதான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதேன். ஹாலில் யாரும் மறுபடி பாடவில்லை.

எல்லோரும் போனபின், "மானத்தை வாங்கிட்டியேடி" என்றாள் மன்னி.

"மன்னி, நேக்கு வந்தது. தானா வந்தது."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கியது. ஆனாலும் அதன்பிறகு பல நாட்கள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

டாக்டருக்கு மகிழ்ச்சி. முழுக்கச் சரியாகாது, வந்தவரை லாபம் என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. முட்டுவது தெரியும், மீதியைக் கையால் அழுத்தித்தான் இறக்க வேண்டும். ஆபீஸில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். வரன் எதுவும் வரவில்லை. சில வருஷங்களில் செம்பூரில் ஒற்றை அறை ஒன்று பார்த்துக்கொண்டு தனியாகப் போனேன். அங்கே யார் வந்து தட்டினாலும் நானேதான் எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும். வந்து தட்டியவர்கள் அதிகம் இல்லை.