இன்னொரு கரண்டி

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். பஞ்சாலை ஒன்றின் ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. "அந்த வவுச்சர் எங்கே?" என்பதைத் தாண்டி அங்கே யாரும் என்னிடம் பேசியதில்லை. அறைக்குத் திரும்பினால் அதுவும் கிடையாது.

ஆகவே நான் சாப்பிட்டேன். தெருமுனை மெஸ்ஸில் மதியமும் ராத்திரியும் இலைச் சாப்பாடு, வேண்டுமளவு போடுவார்கள். பரிமாறுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். சோற்று வாளியோடு வந்து என் இலைக்கு முன்னால் நிற்பார்.

"ஏனுங்க, இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா?"

"போதுங்க."

எங்கள் பக்கத்தில் முதல் தடவை சொல்லும் 'போதும்' கணக்கில் சேராது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் தடவை கேட்க வேண்டும், மூன்றாம் தடவை கெஞ்ச வேண்டும்.

"என்னங்க நீங்க, கோழி கொத்துனாப்புல சாப்பிடறீங்க. கொஞ்சமே கொஞ்சமுங்க."

கையை இலைக்குக் குறுக்கே வைப்பேன். அவர் அதை மெல்ல விலக்கிவிட்டுப் போடுவார். அந்தக் கெஞ்சலுக்காகத்தான் நான் குழம்புக்கு மூன்று முறை, ரசத்துக்கு இரண்டு முறை, மோருக்கு ஒரு முறை சோறு வாங்கினேன். பசி என்று சொன்னால் பொய். என்னை ஒருவர் வருந்தி அழைப்பது அங்கே மட்டும்தான் நடந்தது.

இரண்டு வருடத்தில் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். டாக்டர் எடை பார்த்தார், ரத்தம் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"சர்க்கரை வந்துருச்சுங்க. இப்படியே தின்னுட்டிருந்தா கண்ணு, கிட்னி எல்லாம் போயிரும். சோத்தப் பாதியாக் கொறச்சுருங்க."

உயிர்ப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரியே கண்டிப்பாக இருப்பதென்று முடிவு செய்து போனேன். "கொஞ்சமே கொஞ்சமுங்க" என்றதும் கை தானாக விலகிவிட்டது. ஒரு வாரம் இதே கூத்து. கடைசியில் கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. என் தோளைத் தொட்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? தெரியாம அள்ளி அள்ளிப் போட்டுப்போட்டேனுங்களே! இனிமே உங்ககிட்டக் கேக்கவே மாட்டேனுங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நல்ல மனுஷன். மறுநாளிலிருந்து குழம்புக்கு ஒரு கரண்டி, மோருக்கு அரைக் கரண்டி. அப்புறம் என் இலைக்கு முன்னால் வாளி நிற்கவே இல்லை. என்னைக் கடக்கும்போது ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பார், நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. 'சோறு வேண்டாமுங்க, சும்மா வந்து கேட்டுட்டுப் போங்க' என்று சொல்ல வாய் வரை வரும். எந்த மடையன் அப்படிச் சொல்வான்?

உடம்பு இளைத்தது. டாக்டர் பாராட்டினார். சாப்பாடு இப்போது சீக்கிரம் முடிந்துவிடும், ஆனாலும் இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு மதியம், புதிதாக ஒரு ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து தினசரியைப் படித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாளி அவனிடம் வந்தது.

"ஏனுங்க, இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா? கொஞ்சமே கொஞ்சமுங்க."

அவன் தினசரியிலிருந்து தலையைத் தூக்காமலேயே கையை ஆட்டினான். எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது.