ஒரு பக்கக் கைப்பிடி

நகராட்சிக் கட்டட வேலை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்கேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீட்டுச் சாவியை மறந்து கிளம்பிய நாள் உண்டு. எஃகு ஸ்கேலும் அளவு டேப்பும் இல்லாமல் கிளம்பிய நாள் கிடையாது. விருந்துக்குப் போய் வந்தவளிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால், அந்த வீட்டுப் படிக்கட்டு அரை அங்குலம் உயரம் அதிகம் என்று பதில் வரும். வரைபடம் வரைவது அவள் வேலை. முப்பத்தொரு வருஷமாக அவள் வரைந்த தாள்களில் 'திருத்தம்' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. அதில் அவளுக்குக் கர்வம் இல்லை என்று நான் சொன்னால் வாய் வெந்துபோகும்.

அவளுடைய அண்ணன் ஊர் நீச்சல் குளத்தில் இருபத்தாறு வருஷம் காவலராக இருந்தவர். திறந்தவெளிக் குளம், உயரமான நாற்காலி, கழுத்தில் விசில். எத்தனை பேரைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்துப் போட்டிருப்பார் என்று அவரே எண்ணி வைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கை தொங்கிப்போயிற்று, இடது காலை இழுத்து இழுத்துத்தான் வைக்க வேண்டும். கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர், தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கையின் புருஷனுக்கு வெளியூரில் வேலை. மாதம் இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போவார். ஆக வீட்டில் சண்டை போட்டுக்கொள்ள அண்ணனும் தங்கையும்தான்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பழைய சிநேகிதர்கள் நாலு பேர் ஆசையாக அவரைக் குளத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே இறங்க இருந்தது செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டை இறக்குவதுபோல அவரைத் தண்ணீரில் இறக்கி, மறுபடி மூட்டை ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தங்கையிடம் சொன்னார்.

"நான் மத்தவங்களைத் தூக்கினவன். என்னை யாரும் தூக்கக் கூடாது. என் கால்லயே இறங்கணும், என் கால்லயே ஏறணும். முடியாதுன்னா எனக்குத் தண்ணியே வேணாம்."

அதற்குப் பிறகு குளம் இருக்கும் தெருப் பக்கம்கூட அவர் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதோடு சரி.

இந்த நிலைமையில்தான் பழைய குளத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பொறியாளர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மாதிரி. யாரும் வாசலோடு திரும்பிப் போகக் கூடாது, எல்லோரும் இறங்குகிற குளமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, கோப்பை அவள் மேஜையில் வைத்தார். அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

ஊர் மக்களைக் கூப்பிட்டு மூன்று கூட்டம் போட்டார்கள். கண் தெரியாத பியானோ ஆசிரியர் ஒருவர், நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சொரசொரப்பான ஒரு பட்டை வேண்டும் என்றார். சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் மகளை வைத்திருந்த ஒருத்தி, வாரத்தில் ஒரு மணி நேரமாவது பாட்டும் விசிலும் இல்லாமல் விடுங்கள் என்றாள். பெரிய ஆளையே படுக்க வைத்து உடை மாற்றுகிற அளவுக்கு அகலமான பலகை கேட்டார்கள். உட்கார்ந்தபடியே திறக்கிற குழாய் கேட்டார்கள். ஸ்கேலக்கா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள், எல்லாவற்றையும் வரைந்தாள். நீலத் தரையும் நீலத் தண்ணீரும் ஒன்றாகத் தெரியும் என்பதால் குளத்தின் விளிம்புக்கு மஞ்சள் ஓடு போட்டதும் அவள் யோசனைதான். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம்.

ஆனால் அவள் உயிரை வைத்து வரைந்தது சரிவுப் பாதையை. பன்னிரண்டு அடி நடந்தால் ஒரு அடி இறக்கம். நடந்துகொண்டே போனால் முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் தானாக ஏறி வரும். அதில் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு பருமன் என்பதைப் புத்தகம் பார்த்து அவள் முடிவு செய்யவில்லை. வீட்டு நடையில் வலது சுவர் ஓரமாக ஒரு குழாயைக் கட்டினாள். தினமும் சாயங்காலம் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து சமையலறை வரை நடப்பார். அங்கே சக்கர நாற்காலி தயாராக இருக்கும். உட்கார்ந்து டீ குடிப்பார். தங்கை தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் விடுவாள். குழாயை இன்று ஒரு விரல் ஏற்றுவாள், நாளை அரை விரல் இறக்குவாள். இப்படி நாற்பது நாள்.

வரைபடத்தில் சரிவுக்கு ஒரே ஒரு அம்புக்குறிதான் போடுவார்கள். அவளும் தண்ணீரைப் பார்த்து ஒரு அம்பு போட்டு, இறங்கும்போது வலது பக்கம் வருகிற மாதிரி கைப்பிடியை வரைந்தாள். இடது பக்கம் முழங்கால் உயரச் சுவர் மட்டும். ஒரு பக்கம் போதுமா அக்கா என்று பொறியாளர் கேட்கத்தான் செய்தார். அவளுக்கோ மூக்கு நுனியில் கோபம். சக்கர நாற்காலியும் தள்ளுகிறவரும் போக அகலம் வேண்டாமா, வரைகிறவளுக்குத் தெரியாதா என்று பொரிந்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குளத்தை நிரப்பி வெள்ளோட்டம் பார்த்தார்கள். கூட்டங்களுக்கு வந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் வந்து நிழல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சரிவின் தலைப்பில் வந்து நின்றார். வலது கையால் கைப்பிடியைத் தொட்டார், தங்கையைத் திரும்பிப் பார்த்தார், இறங்கினார். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்ததும் கையை விட்டுவிட்டு மல்லாந்தார். தரையில் இழுத்துக்கொண்டு வந்த கால் தண்ணீரில் லேசாக மிதந்தது. ஒற்றைக் கையை வீசிக் குளத்தின் பாதி தூரம் போய் வந்தார். மூன்று வருஷத்தில் அண்ணன் முகத்தை அப்படித் தங்கை பார்க்கவே இல்லை.

அப்புறம் அவர் வெளியே வரத் திரும்பினார்.

சரிவின் அடியில் நின்றார். கைப்பிடி இப்போது அவருடைய இடது பக்கம் இருந்தது. இடது கை தண்ணீரில் சும்மா கிடந்தது. வலது பக்கம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஸ்கேலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் அவர் ஒரு நாளும் திரும்பி நடக்கவில்லையே, நாற்பது நாளும் நான்தானே தள்ளிக்கொண்டு வந்தேன் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது.

பொறியாளர், ஆளை உட்கார வைத்துத் தண்ணீரிலிருந்து தூக்கும் நாற்காலியை எடுத்துவர ஓடினார். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். தண்ணீரைப் பார்த்தபடி திரும்பி நின்று, வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, முதுகு காட்டிப் பின்னாலேயே ஏற ஆரம்பித்தார். ஒரு அடி, ஒரு மூச்சு. மேலே வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. துண்டைப் போர்த்திவிட்டுத் தங்கை பக்கத்தில் குந்தினாள்.

"என் தப்புண்ணா. உன் கையை மட்டும்தான் மனசுல வச்சு வரைஞ்சேன். அதையும் ஒழுங்கா வரையல."

"எனக்கு ஒண்ணும் ஆகல, வந்துட்டேன்ல," என்றார் அவர். பிறகு தாடையால் பெஞ்சின் மறுகோடியைக் காட்டினார். "அந்தம்மாவுக்கு என்ன வழி வச்சிருக்கே?"

அங்கே தையல்கடைக்கார அம்மாள் மகளோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பக்கவாதம்தான், ஆனால் வலது பக்கம். பேச்சும் சேர்ந்து போய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கைப்பிடியைப் பிடித்து அவர் ஏறலாம், இறங்க முடியாது.

"என்னை மாதிரியே முதுகைக் காட்டி இறங்கச் சொல்லுவியா?" என்றார் அண்ணன். "தண்ணியைப் பாத்து இறங்குன்னுதானே இருபத்தாறு வருஷமா எல்லார்கிட்டயும் கத்தினேன்."

ஸ்கேலக்கா எழுந்து அந்த அம்மாளிடம் போனாள். உங்களுக்கு எது தோதாக இருக்கும் என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேனே என்றாள். மகள் கோபப்படாமல்தான் பதில் சொன்னாள்.

"அம்மா மூணு கூட்டத்துக்கும் வந்தாங்க மேடம். கடைசிக் கூட்டத்துல இந்தக் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாங்க. நீங்க பாத்துச் சிரிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டீங்க."

அது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. வணக்கம் சொல்கிறார் போல என்று நினைத்துச் சிரித்தாள். திருப்பித் திட்ட வாய் இல்லாத மனுஷியின் முன்னால் நிற்க அவளுக்கு அவமானமாக இருந்தது. மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்லிவிட்டு, நேராகப் பொறியாளரிடம் போய் விழாவைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அழைப்பிதழ் போய்விட்டது, நகராட்சித் தலைவர் நாள் கொடுத்துவிட்டார், திறந்த பிறகு இன்னொரு கைப்பிடியைப் பொருத்திக்கொள்ளலாமே என்றார். அவள் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றாள். அப்படியானால் இரண்டாவது கைப்பிடியைக் 'கூடுதல் வசதி' என்று எழுதிவிடுவோம், உங்கள் பெயரும் கெடாது என்று நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். ஸ்கேலக்கா டேப்பை எடுத்து அகலத்தை அளந்தாள். இன்னொரு கைப்பிடி போட்டாலும் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், நாலு விரல் மிச்சம். இந்த நாலு விரலுக்குத்தான் அன்றைக்கு அந்தக் குதி குதித்தாள். வரைபடத்தை விரித்துத் திருத்தக் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதினாள்: 'இடது கைப்பிடி விடுபட்டது. வரைந்தவர் தவறு.' யானைக்கும் அடி சறுக்கும் என்று அலுவலகத்தில் ஆறுதல் சொன்னார்கள். சிலர் அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேலை முடியப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அண்ணன் குளத்தில் கால் வைக்கவில்லை. காலையிலேயே வந்து நிழல் பெஞ்சில் உட்கார்ந்து வெல்டிங்காரர்களை மேய்த்துக்கொண்டிருப்பார். அவருடைய நச்சரிப்புத் தாங்காமலே அவர்கள் சீக்கிரம் முடித்ததாகக் கேள்வி.

விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், பேசவேண்டியவர்கள் பேசிவிட்டுக் கிளம்பினார்கள். அண்ணன் சரிவின் தலைப்பில் வலது கைப்பிடியைப் பிடித்து நின்றார். தையல்கடைக்கார அம்மாள் இடது கைப்பிடியைப் பிடித்து நின்றார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் இறங்கினார்கள். அந்த அம்மாளின் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு தண்ணீரில் மிதக்க, அவர் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஸ்கேலக்கா துடைத்துக்கொள்ளவில்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அரை மணி கழித்துத் திரும்பினார்கள். சரிவின் அடியில் அண்ணன் அந்தப் பக்கம் போனார், அந்த அம்மாள் இந்தப் பக்கம் வந்தார். இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி மெதுவாக நடந்து மேலே வந்தார்கள். யாரும் அவர்களைத் தூக்கவில்லை.