வெள்ளிக் கை

அண்ணனின் வலக்கையை எடுத்தது கடைசல் மெசின். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அம்மன் எடுத்தாள் என்பார்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

வாவிக்கரையில் இருந்த அந்த இரும்புப் பட்டறையில் நெல் ஆலைகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுப்பார்கள். மெசினின் பக்கத்தில் பற்சக்கரங்கள் சுழலும். அவற்றின் மேல் இருந்த இரும்பு மூடியை முதலாளி கழற்றி மூலையில் போட்டுவிட்டார். எண்ணெய் விடும்போதெல்லாம் கழற்றிப் பூட்டினால் வேலை சுணங்குகிறதாம். திரும்பப் பூட்டுவோம் என்று அண்ணன் கேட்டுப் பார்த்தான்.

"பயந்தவனுக்கு இஞ்ச வேலை இல்ல" என்று பதில் வந்தது.

வைகாசியில் வருடாந்தச் சடங்குக்காகக் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தார்கள். அந்த வருடம் அண்ணனுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஆண்களுக்குக் கட்டுவதுபோல் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். பல மடி முறுக்கிய நூல், நடுவில் மஞ்சள் துண்டு. கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை கழற்றக்கூடாது. லீவு கேட்டால் கொடுக்கிற முகமா அது? நூலின் தொங்கலை மடித்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனான். எண்ணெய் விடக் குனிந்தபோது செருகல் அவிழ்ந்து, தொங்கலைப் பற்சக்கரம் கவ்வியது. நூல் அறவில்லை. கைதான் போனது.

ஆசுபத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். முதலாளி எட்டியும் பார்க்கவில்லை. பட்டறையில் ஒரு காவல் வேலையாவது கிடைத்தால் போதும் என்றுதான் அண்ணன் ஆசைப்பட்டான். அவனுக்காக நான் போய்க் கேட்டேன்.

"அது அம்மன்ட கோபம் புள்ள. நேர்த்தியில என்ன குறை வச்சானோ, ஆருக்குத் தெரியும்? அவன உள்ள எடுத்தா என்ட பட்டறைக்குத்தான் தோஷம்."

"மூடியக் கழட்டினதும் அம்மனா?" என்று கேட்டேன்.

அவர் வெற்றிலை துப்ப எழுந்து போய்விட்டார். மூலையில் கிடந்த மூடியின் மேல் யாரோ சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள்.

ஊரும் அவர் பக்கம்தான் நின்றது. காப்போடு இருந்தவனுக்கு மீன் சமைத்துக் கொடுத்தாயா என்று என்னையே விசாரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த வருடம் கதவு திறந்தபோது முதலாளி வெள்ளியில் ஒரு கை செய்து அம்மனுக்குக் காணிக்கை கொண்டுவந்தார். பட்டறையின் தோஷம் கழியவாம். தட்டத்தில் பூவோடு வந்த அந்தக் கையைப் பார்த்து, எவ்வளவு பெரிய மனசு என்று சனம் உருகியது. நானும் கிட்டப் போய், பெருவிரல் எந்தப் பக்கம் என்றுவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் இடக்கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் கை, தங்கச்சி?"

"இடக்கை."

அவன் பிசைவதை நிறுத்தினான். சோறு ஒட்டியிருந்த கையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப, இதையும் கேக்காரோ?"