மாதப்பன் ஷெட்டும் என் வலது ஹெட்லைட்டும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று எட்டு வருடமாக யோசித்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன்... வேறு எதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். வாசகர்கள் நீங்களும் நன்றாக இருக்கிறது என்று கார்டு போடுவீர்கள்.

போன வாரம் சேலம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தானாக ஒரு கதையை ஆரம்பித்தார்.

"பொம்மிடில மாதப்பன்னு ஒரு கார் எலெக்ட்ரீஷியன் இருந்தானுங்க. ஒரு வேதக்காரர் கார்ல டைனமோவையே கழட்டி வித்துப்போட்டானாம். தொப்பூர் எறக்கத்துல லைட்டு போயி, குடும்பமே போயிருக்கும்னா பாத்துக்கங்க!"

அந்த வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், நான்தான். டைனமோவை யாரும் தொடவில்லை. ஆனால் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இது. அப்போது பொம்மிடி ஸ்டேஷனில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்க வயரெல்லாம் வெடித்துப் போயிருந்தது. புது வயர் போடச் சொல்லி மாதப்பன் ஷெட்டில் விட்டேன். அவர் ஓசூர்ப் பக்கம். பேச்சில் கன்னடம் கலந்திருக்கும். பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தால் நமக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறதே... ஏன்?

பகல் முழுக்க ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தேன். நடுவில் ஒரே ஒரு தடவை டீக்குப் போனேன். கால் மணி நேரம்.

வண்டி திரும்பி வந்த மூன்றாம் நாள் என் மனைவியோடு சேலத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். தொப்பூர் இறக்கம், இருட்டத் தொடங்கிய நேரம். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் வலது ஹெட்லைட் அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது. எதிரே ஏறி வந்த லாரி நேராக எங்கள் பக்கம் வந்தது!

"மாதாவே!" என்று மனைவி என் தோளைப் பிடித்தாள். இடது பக்கம் ஒடித்தேன். சரளையில் இழுத்துக்கொண்டு போய் நின்றது வண்டி.

லாரிக்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார். "யோவ், ஒரு லைட்ட போட்டுக்கிட்டு வர்ற! மோட்டார் சைக்கிள்னு நெனச்சேன்யா!"

உயிர் பிழைத்தவன் முதலில் என்ன செய்ய வேண்டும்? கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் சொன்னேன். ஸ்டேஷன் டிரைவர்களிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலிலும் சொன்னேன். "புது வயர்னு சொல்லி பழசையே சுத்தி வெச்சிருக்கான்." சந்தேகம் என்று சொல்லவில்லை. நேரில் பார்த்தவன் போலச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஷெட்டுக்குப் போனேன். எப்போதும் நாலு வண்டி நிற்கிற இடம்... காலியாக இருந்தது.

"நான் இங்கயே நிக்கறேன். நீங்க பாருங்க" என்றேன்.

"எதுக்குண்ணா தூர நிக்கறீங்க? கிட்ட வந்து நோடி. நல்லா பாருங்க."

பல்பை இடம் மாற்றிப் போட்டார். அப்போதும் வலதுதான் மினுக்கியது. மட்கார்டைத் தட்டினார், அணைந்தது. ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு முனையை இன்ஜின் இரும்பிலும், மறு முனையை லைட்டின் எர்த் வயரிலும் வைத்தார். ஷெட் சுவரில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது!

"கரண்ட் வருதுண்ணா. திரும்பிப் போக வழியில்ல. எர்த்து சரியா புடிக்கல."

லைட்டுக்குப் பின்னால், பாடியில் எர்த் வயரை முடுக்கியிருந்த திருகாணியைக் கழற்றினார். வயருக்கும் பாடிக்கும் நடுவிலிருந்து ஒரு பழுப்புத் துணி வந்தது.

என் உத்தரியம். நாங்கள் கழுத்தில் போடுகிற, மாதா படம் தைத்த சின்னத் துணி.

நான்தான் வைத்தேன். வண்டி ஷெட்டிலிருந்து வந்த மறுநாள், மாதா எனக்கு முன்னால் போகட்டும் என்று, வெளியே வைத்தால் தூசி படுமே என்று, அந்தத் திருகாணியைத் தளர்த்திச் செருகி, மறுபடி முடுக்கினேன். துணி நடுவில் இருந்தால் திருகு எப்படி முழுதாக இறங்கும்? இது என் புத்திக்கு எட்டவில்லை.

மாதப்பன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை லுங்கியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் அதை எடுத்துக் கொடுத்தார்.

"சாமி சமாச்சாரம்ண்ணா. உள்ள கண்ணாடிகிட்ட தொங்க வுடுங்க. எர்த்துல வேண்டாம்."

கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டீக்கடைல இதயும் சொல்லுவீங்களாண்ணா?"

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. நான் வைத்த உத்தரியமே லைட்டை அணைத்தது என்று சொன்னால் ஊர் சிரிக்குமே! கோயில் சாமியாரிடம் மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தை ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. டீக்கடைக்கு எப்ப போறீங்க?" என்றார்.

வண்டிகள் வராமல் நாலே மாதத்தில் ஷெட்டை மூடிவிட்டார். இன்று மாதப்பன் தொப்பூரில் இன்னொருவர் ஷெட்டில் லாரிகளுக்கு லைட் பார்க்கிறார். யாரையும் நேராக நிமிர்ந்து பார்ப்பதில்லை என்கிறார்கள். மாதா என்னைக் காப்பாற்றினாள், சந்தேகமே இல்லை. அவரை என்னிடமிருந்து யார் காப்பாற்றியிருக்க வேண்டும்?

ஆகவே வாசகர்களே, டீக்கடைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். இதைப் படித்தவர்கள் பஸ்ஸில், ஸ்டேஷனில், கோயில் வாசலில் சொல்லுங்கள். எனக்காகப் பார்த்து உத்தரியத்தை விட்டுவிடாதீர்கள். மாதப்பன் பெயரையும் விடாதீர்கள். நான் கிளப்பிய வயர் எட்டு வருடத்தில் டைனமோவாகிவிட்டது. இதையாவது உள்ளது உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்...

வயர் புதுசுதான்!