தேசிப்புளிக்கும் மாறாத சிவப்பு

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன் நான். வருடத்தில் ஒருநாள் அனிலீனை அமிலத்தில் கரைத்து, ஐஸ் கட்டிக்குள் வைத்துக் குளிர்த்தி, சோடியம் நைத்திரைற்றைத் துளித்துளியாகச் சேர்ப்பேன். அதைக் காரத்தில் கரைத்த நப்தோலுக்குள் ஊற்றினால் சட்டென்று செக்கச்செவேல் என்று திரளும். "ரெண்டு நைதரசன் கைகோத்து நிக்குது. அதுதான் அசோ சாயம். கையிலை பட விடாதேங்கோ" என்று மறக்காமல் எச்சரிப்பேன். பிள்ளைகளின் கையில் எனக்கு அவ்வளவு கவனம்.

எனக்கு நெஞ்சுவலி வந்து, இரத்தக்குழாய்க்குள் வலை வைத்துப் பிழைத்து வந்த வருடம் என் மனைவி ஒரு நேர்த்தி வைத்தாள். கோயிலடிக் கடையில் வாங்கிய குங்குமத்தை அம்மன் காலடியில் வைத்தெடுத்து, ஒரு வருடம் அதையே நெற்றியில் அகலமாக இடுவதென்று. அதுவரை ஒட்டுப்பொட்டோடு திரிந்தவள். அந்தச் சிவப்புத்தான் என் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பினாள். உள்ளுக்குள் நானும் நம்பினேன். விஞ்ஞான வாத்தியார் அதை வெளியில் சொல்ல முடியுமா?

நாலாம் மாதம் அவளுடைய நெற்றி அரிப்பெடுத்துக் கடித்துக் கறுக்கத் தொடங்கியது.

"இஞ்சை பாருங்கோ, உந்தக் குங்குமம் எனக்கு ஒத்துவரேல்லையோ?" என்று கேட்டாள்.

"வெயில் பட்டிருக்கும். குங்குமம் மஞ்சளிலை செய்யிறதுதானே, அது உமக்கு என்ன செய்யப்போகுது?" என்றேன்.

அந்தக் கிழமையே, அசோ சாயம் செய்து காட்டிய வகுப்பில் ஒரு மாணவி எழும்பினாள். "சேர், உந்தச் சாயத்தை எதுக்குப் பாவிக்கிறவை?" துணி, தோல், சப்பாத்துப் பொலிஷ் என்று அடுக்கிக்கொண்டே போனேன். குங்குமம் என்று நாக்குவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவள் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். சோசர்த் தட்டில் போட்டுத் தேசிக்காய் பிழிந்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் என்றால் எலுமிச்சைப் புளி பட்டதும் மஞ்சளாகத் திரும்பும். இது அசையவில்லை. இன்னொரு சிட்டிகைக்கு எண்ணெய் விட்டேன். எண்ணெயும் சிவந்தது. நான் வருடாவருடம் செய்து காட்டுகிற சாயத்தின் சொந்தக்காரன்தான், சந்தேகமில்லை. சோசரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. நல்ல குங்குமம் தேடி வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நேர்ந்ததை இடையில் மாற்றினால் எனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். இன்னும் எட்டு மாதம்தானே என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அவள் ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இடுவாள். நான் பேப்பர் பார்ப்பேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நேர்த்தி முடிந்த பிறகுதான் தோல் வைத்தியரிடம் போனோம். "சாயம் ஒவ்வாமல் வந்தது. கடிக்கத் தொடங்கேக்கையே நிப்பாட்டியிருந்தால் இவ்வளவு கறுத்திராது. இனி முழுக்கப் போகுமெண்டு சொல்லேலாது" என்றார்.

திரும்பி வருகையில், ஓட்டோவுக்குள் இருந்து சோசர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"கடிக்கக் கடிக்க நான் வைச்சது உங்களுக்காக. தெரிஞ்சுகொண்டும் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தது ஆருக்காக?"

எனக்காகத்தான். அதைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.