வெளுத்த பல்

அறுபதுகளில் அருப்புக்கோட்டைச் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஊர் ஊராகச் சந்தைக்குப் போய் வத்தல் விற்பவர். பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. பேசும்போது எதிராளியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

அன்று சந்தையில் பல்பொடி விற்க வந்த ஒருவர் கூட்டத்திலிருந்து ஓர் ஆளை அழைத்து, அவருடைய மஞ்சள் பல்லைத் தேய்த்து வெள்ளையாக்கிக் காட்டினார். நானும் காசை எடுத்துவிட்டேன்.

வத்தல்கார அம்மா எழுந்து வந்தார். “ஏய்யா, நேத்து மல்லாங்கிணத்துச் சந்தையிலயும் இந்தாளு பல்லத்தான வெளுக்க வச்ச? ராத்திரியோட மறுபடி மஞ்சளாயிருச்சா?”

“அது வேற ஆளும்மா.”

“அப்ப என் பல்லத் தேச்சுவிடு. வெளுத்துச்சுன்னா பெட்டியோட வாங்கிக்கிறேன்.”

வாயைத் திறந்தபடி நின்றார். பல்பொடிக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிய பிறகுதான் மூடினார்.

இன்றும் விளம்பரத்தில் யாராவது பளிச்சென்று சிரித்தால், நேற்று நீ எந்தச் சந்தையில் இருந்தாய் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.